தங்கத் தட்டும் தேய்ந்த தட்டும்

ஓர் இசைத்தட்டு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டி விற்றுவிட்டது என்பதை ஊரறியச் செய்யும் பொருட்டு, பாடியவர், இசையமைத்தவர், வெளியிட்டவர் ஆகியோருக்கு நிறுவனம் கண்ணாடிச் சட்டமிட்டு வழங்கும் பொன்னிறத் தட்டே தங்க இசைத்தட்டு எனப்படுகிறது. விற்பனையின் அளவைப் பொறுத்து அது வெள்ளியாகவோ பிளாட்டினமாகவோ அமைவதும் உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய இசைப் பொருள்களைத் தேடிச் சேர்ப்போரிடையே இத்தட்டுகளுக்கெனத் தனிச் சந்தையும், போலியைக் கண்டறியும் தனி நுட்பமும், ஏலக்கூடங்களில் தனி இடமும் உருவாகிவிட்டன. தமிழ்நாட்டிலோ, மூன்று தலைமுறைகள் இசைத்தட்டில் மூழ்கிக் கிடந்த பின்னரும், அத்தகைய தட்டு ஒரு வீட்டுச் சுவரில் தொங்குவது அபூர்வமாகவே இருக்கிறது. இங்கே பாட்டுகளுக்கு வரவேற்புக் குறைவாக இருந்ததால் நேர்ந்த அபூர்வம் அன்று இது. வரவேற்பை அளந்த கோலே வேறு. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்னும் மூன்று ஊர்களுக்கு நடுவே, கரிசல் மண்ணில், தீப்பெட்டியையும் பட்டாசையும் நம்பி வாழும் ஏழாயிரம்பண்ணை போன்ற ஓர் ஊரில் ஒரு பாட்டு எப்படிக் கேட்கப்பட்டது என்பதை ஆராய்ந்தால் அந்த வேறுபாடு தெளிவாகும். இசை நினைவுப்பொருள் சேகரிப்பவர் தமிழ்நாட்டில் எதைத் தேட வேண்டும் என்பதும் அதனோடு தெளிவாகும்.

பொன் பூசிய கணக்கு

விற்பனைக்குப் பொன் பூசும் வழக்கம் நிறுவனங்களின் விளம்பரத் தேவையிலிருந்து பிறந்தது. 1937இல் இங்கிலாந்தின் ரீகல் ஸோனோஃபோன் நிறுவனம், ஒரு லட்சம் படிகள் விற்றதற்காக நகைச்சுவைப் பாடகர் ஜார்ஜ் ஃபார்ம்பிக்கு வெள்ளித் தட்டு ஒன்றை வழங்கியது. 1942 பிப்ரவரி 10ஆம் நாள் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம், 'சாட்டநூகா சூ சூ' என்னும் பாட்டு 12 லட்சம் படிகள் விற்றதைக் கொண்டாடும் வகையில், பொன்பூச்சுத் தெளித்த தட்டு ஒன்றை வாத்தியக் குழுத் தலைவர் கிளென் மில்லருக்கு வானொலி நிகழ்ச்சியின் நடுவே நேரலையில் அளித்தது. தங்கத் தட்டின் வரலாறு பெரும்பாலும் அந்த நாளிலிருந்தே எழுதப்படுகிறது.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்று இந்திய வாசகருக்கு அதைவிட நெருக்கமானது. அக்காலத்தில் நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற தட்டுகள், அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு நுண்ணிய கல்பொடியும் கரிப்பொடியும் சேர்த்து வெப்பத்தில் அழுத்தி வார்க்கப்பட்டவை. உலகம் முழுவதும் சுழன்ற தட்டுகளுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. இரண்டாம் உலகப் போர் அந்த வரத்தைத் தடை செய்யவே, அமெரிக்க அரசு 1942 ஏப்ரலில் இசைத்தட்டுத் தொழிலுக்குக் கிடைத்து வந்த அரக்கைக் கடுமையாகக் குறைத்தது; பழைய தட்டுகளை மக்களிடமிருந்து திரும்பப் பெற்று, அரைத்து, புதிய தட்டுகள் வார்க்கும் நிலை வந்தது. வாணவேடிக்கைத் தொழிலிலும் வண்ண ஒளி தரும் மருந்துக் கலவைகளைப் பிணைக்கும் பொருளாகவும் எரிபொருளாகவும் அரக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவதால், பட்டாசுத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்தப் பிசின் அந்நியமானதன்று.

1958 வரை தங்கத் தட்டு என்பது நிறுவனம் தன் கணக்கைத் தானே எழுதித் தானே மெச்சிக்கொண்ட ஒரு பரிசாகவே இருந்தது. 1952இல் தோன்றிய அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1958இல் இதற்கு ஒரு முறைமையை ஏற்படுத்தியது. நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். வெளித் தணிக்கையாளர் விற்பனைப் பேரேடுகளைப் பார்க்க வேண்டும். அதன் பின்னரே சான்று வழங்கப்படும். அவ்வாண்டு மார்ச்சில் பெர்ரி கோமோ பாடிய தட்டு ஒன்று அந்த முறையில் முதல் சான்றைப் பெற்றது. 1976இல், பத்து லட்சம் படிகள் விற்கும் தொகுப்புகளுக்கெனப் பிளாட்டினம் என்னும் உயர்ந்த நிலை சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் 1973இல் அமைந்த இசைத்தொழில் சங்கமும் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என மூன்று நிலைகளை வகுத்தது. எனினும் முறைமை வந்துவிட்டதால் கணக்கு முழுமையாகிவிட்டது என்று கொள்வதற்கில்லை. கறுப்பின இசையின் பெரும் நிறுவனமாகிய மோட்டவுன், தன் பேரேடுகளை வெளியாருக்குத் திறந்து காட்ட விரும்பாமல் 1970களின் பிற்பகுதி வரை அமெரிக்கச் சங்கத்திலிருந்து விலகியே நின்றது. ஆகையால் அந்தக் காலத்தில் உலகமே பாடித் திரிந்த மோட்டவுன் பாட்டுகள் பலவற்றுக்கு, வெளியான காலத்தில் அதிகாரபூர்வமான சான்று கிடையாது. தங்கத் தட்டு வணிக ஆவணமே ஒழியக் கலையின் அளவுகோல் அன்று என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

சட்டத்துக்குள் இருப்பது என்ன

ஆவணம் என்ற முறையில் அதைப் படிக்கத் தெரிந்தவரே நல்ல சேகரிப்பாளர். சட்டத்துக்குள் இருப்பது தங்கம் அன்று. ஒலி பதிவான மூலத்தட்டின் மீது மின்முலாம் முறையில் உலோகத்தைப் படிய வைத்து எதிர்ப்படிவம் எடுப்பதும், அதிலிருந்து மறுபடிவம் எடுப்பதும், அதிலிருந்து தட்டுகளை அழுத்தி வார்க்கும் அச்சைச் செய்வதும் இசைத்தட்டு ஆலையின் அன்றாட வேலை. அவ்வாறு பயன்பட்டு ஓய்ந்த உலோக அச்சுக்குப் பொன்முலாம் பூசியோ, சாதாரண வினைல் தட்டின் மேல் மெல்லிய உலோகப் படலத்தை ஏற்றிப் பொன்னிறம் கொடுத்தோ விருதுத் தட்டு செய்யப்பட்டது. கைக்குக் கிடைத்த தட்டுக்குப் பூச்சு ஏற்றி, மேலே வெற்றி பெற்ற தட்டின் சிட்டையை (லேபிளை) ஒட்டிவிடும் வழக்கம் இருந்ததால், உள்ளே இருப்பது முற்றிலும் வேறொருவர் பாட்டாக இருக்கக்கூடும். ஒரு பக்கத்தில் ஆறு பாட்டுகள் என்று சிட்டை சொல்லும்போது, தட்டின் மேல் பாட்டுக்குப் பாட்டு இடையே தெரியும் இடைவெளிகளை எண்ணினால் நான்கு பாட்டுகளே இருப்பதைக் காணலாம். இந்தப் பொருத்தமின்மையை வைத்து மட்டும் ஒரு தட்டைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது என்பது இத்துறையின் முதற்பாடங்களில் ஒன்று.

காலத்தைச் சொல்வது சட்டமும் பின்னணியும் ஆகும். 1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்கச் சங்கத்தின் தட்டுகள் வெள்ளைத் துணி போன்ற சொரசொரப்பான பின்னணியின் மேல் மரச்சட்டத்துக்குள் பதிக்கப்பட்டன. பின்னர் அந்த அமைப்பு மாறியது. 1980களின் நடுவில், நகைக்கு ஹால்மார்க் முத்திரை போல, சங்கத்தின் ஹாலோகிராம் வந்து சேர்ந்தது. எனவே 1960களில் வென்ற பாட்டுக்கான தட்டில் ஹாலோகிராம் காணப்பட்டால், அது அந்தக் காலத்தில் கைமாறிய தட்டு அன்று, பின்னாளில் கேட்டு வாங்கிய படி என்று பொருள். அதோடு, ஒரே வெற்றிக்காகப் பாடகர் தொடங்கி வானொலி நிலையம், விற்பனைப் பிரிவு ஊழியர் வரை பலருக்கும் தட்டுகள் வழங்கப்பட்டதால், அடிப்பட்டயத்தில் யாருக்கு வழங்கப்பட்டது என்று பொறித்திருக்கும் பெயரே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. பொன்பூச்சு எல்லாத் தட்டுக்கும் ஒன்றே. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு தட்டுக்குத் தட்டு வேறு.

இந்தியாவில் எண்ணப்படாத விற்பனை

1902 நவம்பரில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தபோது, தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் வார்க்கப்பட்டுக் கப்பலில் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை வந்த பிறகே இந்தியத் தட்டு இந்தியாவில் பிறந்தது. சென்னையில் ஹெச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், ட்வின் முதலிய சிட்டைகள் போட்டியிட்டன. காரைக்குடியிலிருந்து வந்து பின்னாளில் திரைப்பட அதிபரான ஏவி. மெய்யப்பன், சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இந்த வணிகத்தில்தான் முதலில் கால் ஊன்றினார். பேசும்படங்களில் நடிக்காமலே 1933இல் இளவயதில் மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் இன்றைக்குக் கிடைப்பது முற்றிலும் அந்தக் கருந்தட்டுகளால்தான். அவற்றில் ஒன்றுக்கும் எவரும் பொன் பூசவில்லை.

இந்திய நிறுவனங்கள் பிற்காலத்தில் தங்கத் தட்டும் பிளாட்டினத் தட்டும் வழங்கியதுண்டு. சந்தூர்க் கலைஞர் சிவகுமார் சர்மா, 1967இல் வெளியான 'கால் ஆஃப் தி வேலி' தொகுப்புக்கும், 'சில்சிலா' திரைப்படத்தின் இசைக்கும் பிளாட்டினத் தட்டுகள் பெற்றார். தெற்கே அந்த வழக்கம் ஆழமாக வேரூன்றவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963இல் வெளியான வேங்கடேச சுப்ரபாதத் தட்டு, தென்னாட்டில் விடியற்காலையின் ஒலியாகவே ஆகிவிட்ட ஒன்று. அதன் உரிமத்தொகை திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்குச் சென்றது. ஒரு தட்டின் விற்பனை சுவரில் தொங்குவதைக் காட்டிலும் பிள்ளைகளின் படிப்புச் செலவாக மாறியது பெருமைக்குரியது என்று தயங்காமல் சொல்லலாம். 1980களில் கேசட் வந்து பரவியதும் நிலைமை மேலும் குழம்பியது. அனுமதியின்றிப் பதிவு செய்து விற்ற கேசட்டுகள் கடைத்தெரு எங்கும் நிறைந்தன. 1984இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கூட்டப்பட்ட பிறகும் அவை குறையவில்லை. நிறுவனம் விற்றதைவிடப் பிறர் விற்றது மிகுதியாகிவிட்டபோது, நிறுவனத்தின் பேரேட்டிலிருந்து பாட்டின் உண்மையான வீச்சைக் கணக்கிட வழியில்லாமல் போயிற்று.

ஒரு தட்டு, ஓர் ஊர்

இவை யாவற்றையும்விட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதைக் காண ஏழாயிரம்பண்ணைக்குத்தான் வர வேண்டும். 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மனின் பக்கம் நின்றதற்காகக் கிழக்கிந்தியக் கும்பினியாரின் தண்டனைக்கு ஆளான பாளையங்களில் ஒன்றான இவ்வூர், இன்று வெம்பக்கோட்டை வட்டத்தில், வானம் பார்த்த புன்செயும் மழை பொய்த்தால் தீப்பெட்டி வேலையும் பட்டாசு வேலையுமாக வாழும் ஊர். இத்தகைய ஊர்களில் கிராமபோன் பெட்டி வைத்திருந்த வீடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. தட்டு வாங்கியவர் பெரும்பாலும் மைக்செட்காரர். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, அம்மன் கோயில் பொங்கல், அரசியல் கூட்டம் ஆகியவற்றுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவரை ஊரார் அப்படித்தான் அழைத்தனர். அதற்கு முந்திய தலைமுறை அவரை ரேடியோ செட்காரர் என்றது. வேப்பமரத்தின் உச்சியிலோ பனையிலோ இரண்டு குழாய் ஸ்பீக்கர்களை எதிரெதிர்த் திசையில் பார்க்கக் கட்டிவிட்டு, விடிவதற்கு முன்பே சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டோடு அவர் தொடங்கினால், பக்கத்து ஊர்வரை விசேஷ வீடு எதுவென்று தெரிந்துவிடும். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் இல்லாமல் ஆடி மாதம் கழியாது. இரவில் கதைவசனத் தட்டுகள் ஓடும். 1959இல் வெளியான 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வசனத்தைப் படம் பார்க்காதவர்களும் மனப்பாடமாகச் சொன்னது இந்தக் குழாய்களைக் கேட்டுத்தான். கட்டபொம்மனோடு சேர்ந்து வீழ்ந்த ஒரு பாளையத்தின் மண்ணில் அந்த வசனம் ஒலித்ததற்குத் தனிப் பொருள் உண்டு.

மேலைநாட்டுத் தங்கத் தட்டின் கணக்கு, ஒரு தட்டு என்றால் ஒரு வீடு என்னும் எண்ணத்தின் மேல் எழுந்தது. இங்கோ ஒரு தட்டு என்றால் ஓர் ஊர். மைக்செட்காரர் சாத்தூரிலோ சிவகாசியிலோ கோவில்பட்டியிலோ வாங்கி வந்த ஒரே படி, அடுத்த பல ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் அனைத்திலும் பாடியது. நிறுவனத்தின் கணக்கில் அது ஒன்று என்ற எண்ணாக மட்டுமே பதிந்தது. ஆகவே தமிழ்ப் பாட்டின் வெற்றியை விற்பனைப் படிகளால் அளப்பது, கேட்டவர்களில் மிகப் பெரும்பகுதியினரைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவதாகும்.

அந்த விடுபட்ட கணக்கு தட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 78 சுழற்சித் தட்டில் கல்பொடி சேர்க்கப்பட்டதற்கு ஒரு நோக்கம் இருந்தது. எஃகு ஊசியின் முனையை அந்தப் பொடி தேய்த்து, தட்டின் நுண்வரிப் பள்ளத்துக்கு ஏற்ற வடிவுக்கு அதைக் கொண்டுவரும். அதனால்தான் ஒவ்வொரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும் என்று நிறுவனங்கள் வற்புறுத்தின. விசேஷ வீட்டு அவசரத்தில் அதை யார் கடைப்பிடிப்பது? தேய்ந்த ஊசி தட்டை உழுதது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், புதுத் தட்டு மையிருட்டாக மினுங்கும். பலநூறு முறை பாடிய தட்டு சாம்பல் பூத்துக் கிடக்கும், அதிலும் உச்சக்குரல் வரும் இடங்களில் வெளுப்பு மிகுந்திருக்கும். நடுத்துளையைச் சுற்றிச் சிட்டையில் சிலந்திக்கால் போன்ற கீறல்கள் இருக்கும். இருட்டில் தடவித் தட்டைச் சுழலியில் மாட்டியபோது விழுந்தவை அவை. சிட்டையின் மேல் ஊதா மையில் ஒலிபெருக்கி நிலையத்தின் பெயரும் ஊரும் ரப்பர் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தால், அந்தத் தட்டு எந்த வட்டாரத்தில் பாடியது என்பதும் உறுதியாகிறது. மேலைநாட்டுச் சேகரிப்பாளர் கீறலில்லாத தட்டைத் தேடுகிறார். அவர் இலக்கணப்படி இது கழிவு. தமிழ் இசையின் சமூக வரலாற்றைத் தேடுபவருக்கோ பொன்பூச்சுத் தட்டைவிட இந்தச் சாம்பல் தட்டே உயர்ந்த சான்று.

மெடலும் கேடயமும்

வெற்றியைப் பாராட்டும் பொருள்கள் தமிழ்நாட்டில் இல்லாமலில்லை. அவை வேறு வடிவில் இருந்தன. இசை நாடகக் காலத்தில் ரசிகர்களும் செல்வந்தர்களும் நடிகர்களுக்குத் தங்க மெடல்கள் அளித்தனர். அவற்றை மார்பில் வரிசையாகக் குத்திக்கொண்டு எடுத்த புகைப்படங்கள் அக்காலப் பெருமையின் அடையாளங்கள். இவ்வட்டாரம் தந்த பெரும் மேடைக்குரல் சிவகாசியில் பிறந்த எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ் ஆவார். முருகன் வேடத்தில் நின்றுகொண்டே தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே வேடத்தோடு மேடையிலேயே உயிர்நீத்தார். அவருடைய புகழைச் சொல்ல எந்த நிறுவனத்தின் விற்பனைக் கணக்கும் உதவாது.

திரைப்படக் காலத்தில் எண்ணிக்கை என்பது ஓடிய நாளாயிற்று. 100 நாள் ஓடினால் விழா, 25 வாரம் ஓடினால் வெள்ளிவிழா. விழாவில் கலைஞர்களுக்கும் திரையரங்க உரிமையாளர்களுக்கும் கேடயங்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகிச் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது பாட்டின் வலிமையால் என்பதை எவரும் மறுக்க மாட்டார். படிகளை எண்ணிய நாட்டில் தங்கத் தட்டு பிறந்தது. நாள்களை எண்ணிய நாட்டில் கேடயம் பிறந்தது. மூடப்பட்டு மண்டபமாகவும் வணிக வளாகமாகவும் மாறிவரும் சிற்றூர்த் திரையரங்குகளின் அலுவலக அலமாரிகளில் கிடந்த அந்தக் கேடயங்கள் பழைய இரும்பு, பித்தளை விலைக்குப் போவது வருந்தத்தக்கது.

மெடல், கேடயம் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது நினைவுப்பொருள் காகிதம். 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழில், தன் சிட்டைத் தேவைக்காகவே சிவகாசியில் அச்சுத் தொழிலையும் வளர்த்தது. தீப்பெட்டியிலும் பட்டாசுக் கட்டிலும் தெய்வங்களோடு திரைநட்சத்திரங்களும் இடம்பெற்றனர். கோவில்பட்டியில் காலண்டர் ஓவியத்தின் மூலவராக விளங்கிய சி. கொண்டையராஜு, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டே இப்பகுதிக்கு வந்து, குழு கலைந்தபின் இங்கேயே தங்கியவர். இசை நாடக மேடையின் நிறமும் ஒளியும் இவ்வட்டாரக் காலண்டர்களுக்குள் புகுந்த வழி அதுதான். 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தபோது வரி செலுத்தியதற்கு அடையாளமாகப் பெட்டியில் ஒட்டப்பட்ட பேண்ட்ரோல் என்னும் காகிதப் பட்டை, தங்கத் தட்டுக்கு ஹாலோகிராம் செய்யும் வேலையைச் சிட்டைச் சேகரிப்பாளருக்குச் செய்கிறது. அது ஒட்டியிருக்கும் பெட்டியின் காலத்தை வரையறுக்க அது உதவும்.

காப்பதற்கு வேண்டியவை

இசைத்தட்டுச் சேகரிப்பு இந்தியாவில் தனிமனிதர்களின் தவத்தால் நிற்கிறது. சென்னையின் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் 78 சுழற்சித் தட்டுகளைச் சேர்த்துக் காத்தவர். 1990இல் மும்பையில் அமைந்த இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் கழகம், கலைஞர் வாரியாகத் தட்டுப் பட்டியல்களைத் தொகுக்கும் பணியைச் செய்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் தொகுப்பிலிருந்து எழுந்த சென்னை நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் சிறுவெளியீடுகளையும் நூல்களுக்கு இணையாக மதித்துக் காக்கிறது. ஆயினும் இவை யாவும் தலைநகரங்களில் உள்ளவை. மைக்செட்காரர்களின் தட்டுகள் இன்னும் ஊர்களில்தான் இருக்கின்றன.

அவற்றைக் காப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நூல்களைப் போல் நிமிர்த்தி, நெருக்கமாக, நிழலான இடத்தில் வைக்க வேண்டும். கோடை வெயில் படும் தகரக் கூரையின் கீழ் அரக்குத் தட்டு வளைந்துவிடும். சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் 78 சுழற்சித் தட்டைத் துடைக்கக் கூடாது, ஏனெனில் அரக்கு அதில் கரையும். மெல்லிய ஈரத்துணியால் வரிகளின் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்தினால் போதும். சிட்டையில் உள்ள முத்திரையையும் பேனாக் குறிப்பையும் அழுக்கு என்று எண்ணிச் சுரண்டக் கூடாது. உறையின் மேல், இந்தத் தட்டு யாருடைய மைக்செட்டில், எந்த ஊர்களில், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில் பாடியது என்பதைப் பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள். ஏழாயிரம்பண்ணையிலும் அதன் சுற்றூர்களிலும் ஒலிபெருக்கி நிலையம் நடத்திய குடும்பத்தார், பரணில் கிடக்கும் தட்டுப் பெட்டியை எடைக்குப் போடுவதற்கு முன்பு, ஒருமுறை வீட்டுப் பெரியவரை அருகில் உட்காரவைத்து அந்தக் குறிப்புகளை எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.